குழாயடியில் நின்றவர்

மனநலப் பிரிவில் செவிலியராகச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு அது. முன்பு லாரிப் பட்டறையில் வேலை பார்த்தவர் ஒருவர், வயது ஐம்பது இருக்கும், நாள் முழுவதும் குழாயடியிலேயே நின்றார். டம்ளரைப் பிடுங்கினால் கையில் ஏந்திக் குடித்தார். மனச்சிதைவு உள்ள சிலர் இப்படி அளவில்லாமல் தண்ணீர் குடிப்பார்கள். ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்புகூட வரும். பாடம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. குளியலறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் படுக்கை நனைந்தது. விரிப்பை எடுக்க வந்த ஆயா அம்மா, "எறும்பு மொய்க்கிறது, சிஸ்டர். சர்க்கரை பார்த்தீர்களா?" என்று கேட்டார். பார்த்தோம். 438.

சர்க்கரை ஏறி அந்த மனிதருக்கு உண்மையாகவே தாகம் எடுத்திருக்கிறது. நான் தண்ணீரைப் பூட்டி வைத்திருக்கிறேன்.

ஆறு வருடமாக மனச்சிதைவுக்கு ஓலான்சபின் சாப்பிடுகிறவர். அந்த மாத்திரையும் அதே வகையைச் சேர்ந்த குளோசாபினும், நோயாளிக்கு மட்டும் கேட்கும் குரல்களை அடக்கும். கூடவே அகோரப் பசியைக் கிளப்பி, எடையையும் சர்க்கரையையும் ஏற்றும். இது ரகசியமல்ல. 2003இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இவ்வகை மருந்துகளில் எச்சரிக்கை அச்சிடச் சொன்னது. மறு ஆண்டு அந்நாட்டின் நீரிழிவு, மனநல மருத்துவச் சங்கங்கள் கூடி, மருந்து தொடங்கும் முன் எடையும் இடுப்பளவும் சர்க்கரையும் பார்க்க வேண்டும், 4, 8, 12ஆம் வாரங்களில் எடை, மூன்றாம் மாதம் மறுபடி சர்க்கரை என்று வரையறுத்தன. எங்கள் வார்டிலும் எடை பார்க்கும் கருவி இருந்தது. அதன்மேல் பழைய கேஸ் ஷீட்டுகளை அடுக்கியிருந்தோம்.

அப்படியானால் மருந்தை நிறுத்திவிடலாமே என்பவர்கள், குரல்களோடு இரவைக் கழித்த ஒருவரின் காலை முகத்தைப் பார்த்ததில்லை. சிலருக்குச் சர்க்கரையை அவ்வளவாக ஏற்றாத அரிப்பிப்ரசோலுக்கு மாற்ற முடிகிறது. சிலருக்குச் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் சேர்க்கிறார்கள். இவருக்கு மாற்றிப் பார்த்து, இரண்டே வாரத்தில் குரல்கள் திரும்பிவிட, பழைய மருந்துக்கே வந்தோம்.

என்னை இன்னும் உறுத்துவது டீ. மாத்திரைக்கு வாய் திறக்காதவர்களுக்கு நாங்கள் கொடுத்த லஞ்சம் அதுதான்: இரண்டு கரண்டி சீனி போட்ட டீ, கூடவே ஒரு பன். பசியைக் கிளப்பும் மாத்திரையைச் சீனியோடு சேர்த்தே விழுங்க வைத்திருக்கிறோம். வார்டு வாழ்க்கையில் அவர்களுக்கென்று இருந்த ஒரே சுகம் அது என்பதால், நிறுத்தவும் மனம் வரவில்லை. சீனியை மட்டும் மெல்லக் குறைத்தோம். முதல் வாரம் எல்லோருமே திட்டினார்கள்.

இன்சுலின் தொடங்கிய பிறகு ஒரு மாலை அவர் தட்டை வீசிவிட்டுக் கத்தினார். நோய் முற்றிவிட்டது என்று அமைதிப்படுத்தும் ஊசியை எடுத்தே விட்டோம். பிடிக்கப்போன கையில் சில்லென்று வியர்வை. சோதித்தால் சர்க்கரை 52, ஆபத்தான அளவுக்குக் குறைவு. சோற்றில் விஷம் என்று குரல் சொன்னதால் அவர் சாப்பிடவில்லை. இன்சுலினோ ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில், "என் தட்டு எங்கே?" என்று கேட்டார். 1930களில் வியன்னாவில் மான்ஃபிரெட் சாகெல் என்ற மருத்துவர் மனச்சிதைவுக்குச் சிகிச்சை என்று சொல்லி இன்சுலின் போட்டு வேண்டுமென்றே நோயாளிகளை ஆழ்மயக்கத்தில் தள்ளினார். உலகமே அதைப் பின்பற்றியது. அன்றிரவு அந்தக் கதை நினைவுக்கு வந்தது. அதன்பிறகு அவர் முதல் கவளத்தை விழுங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகே ஊசி போடுகிறோம்.

அவர் வீட்டில் எழுபது தாண்டிய அம்மா மட்டும்தான். 2021இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வாசலுக்கே வருகிறது. ஆனால் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. சர்க்கரை மாத்திரை, மனநோய் மாத்திரை இரண்டையும் நிற டப்பாக்களில் பிரித்துக் கொடுத்தோம்.

விரலில் குத்துவதுதான் கடைசிவரை சண்டையாக இருந்தது. ஒருநாள் அவரே சமாதானத்துக்கு வந்தார். "இந்த விரல் அவர்களுடையது, சிஸ்டர். அதைத் தொடாதீர்கள். மற்ற ஒன்பதும் என்னுடையவை."

கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் எழுதினேன்: இடது மோதிர விரல் வேண்டாம்.