ஆளில்லாத வீட்டுக்கு அனுமதி கேட்டுப் போதல்

கனடாவின் சஸ்கட்டூன் நகருக்குக் குடிவந்த முதல் ஆறு மாதங்களில் நான் மனிதர்களிடம் பேசியது குறைவு, கைவிடப்பட்ட வீடுகளைப் படம் எடுத்ததே அதிகம். வார இறுதிகளில் கேமராவை எடுத்துக்கொண்டு புறப்பட்டால் நகரைத் தாண்டிய சிறிது நேரத்திலேயே சமவெளி தொடங்கிவிடும். சஸ்காச்சுவன் மாகாணத்தின் வேளாண் நிலம் பெரும்பாலும் கட்டம் கட்டமாக அளக்கப்பட்டது. வடக்கு தெற்காக மைலுக்கு ஒன்றும் கிழக்கு மேற்காக இரண்டு மைலுக்கு ஒன்றுமாகச் சாலைக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தக் கட்டங்களுக்குள் எங்கோ ஓரிடத்தில் கூரை சரிந்த ஒரு வீடு தனியாக நிற்கும். அதைக் காணும்போதெல்லாம் வண்டியை ஓரங்கட்டி, சாலையில் நின்றபடியே படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவேன்.

அந்த வீடுகள் ஏன் காலியாயின என்பதைப் பிறகுதான் தேடிப் படித்தேன். கனடா அரசின் 1872ஆம் ஆண்டு டொமினியன் நிலச் சட்டம், 10 டாலர் பதிவுக் கட்டணத்துக்கு 160 ஏக்கர் நிலத்தைக் குடியேறுவோருக்குத் தந்தது. ரயில் பாதை நெடுகிலும் கிரெயின் எலிவேட்டர் எனப்படும் உயரமான மரத் தானியக் கிடங்குகள் எழுந்தன. குதிரை வண்டியில் கோதுமையை ஏற்றிச் சென்று அன்றே வீடு திரும்ப வேண்டும் என்பதால் அவை சில மைல்களுக்கு ஒன்றாக அமைந்தன. ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு சிற்றூர் முளைத்தது. 1930களின் வறட்சியில் பலர் நிலத்தை விட்டுப் போனார்கள். பின்னர் லாரிகள் வந்தன, பண்ணைகள் பெருத்தன, கிளை ரயில் பாதைகள் மூடப்பட்டன. கிடங்கு போனதும் ஊரும் கலைந்தது. 1895இல் கட்டப்பட்டு ஃபிளெமிங் என்ற சிற்றூரில் நின்றிருந்த பழமையான கிடங்கு 2010இல் தீக்கிரையானது. நான் இந்த நாட்டுக்கு வருவதற்கு வெகு முன்பே அழிந்துவிட்ட அதை ஒரு முறையாவது பார்த்திருக்க வேண்டும் என்ற ஏக்கம் எனக்கு இன்றும் உண்டு. இந்தச் சமவெளியை வெறும் நிலம் என்று சொல்வதையும் அப்போதுதான் நிறுத்தினேன். 10 டாலருக்குக் கொடுக்கப்படும் முன்பே இங்கே பூர்வகுடிகள் வாழ்ந்தார்கள்; சஸ்கட்டூன் இருக்கும் பகுதி பூர்வகுடிகளுக்கும் பிரிட்டிஷ் முடியரசுக்கும் இடையே 1876இல் கையெழுத்தான ஆறாம் உடன்படிக்கைக்கு உட்பட்டது.

குளிர்காலம் எனக்குப் படம் எடுக்கக் கற்றுக் கொடுத்தது. பனி மூடிய வயலைக் கேமராவின் கணிப்புக்கே விட்டுவிட்டால், அத்தனை வெண்மையையும் அது சாம்பல் நிறமாக்கிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்பது இரு மடங்கு வெளிச்சம்) கூட்டினால்தான் பனி பனியாகத் தெரியும். மைனஸ் 30 டிகிரியில் பேட்டரி சீக்கிரமே இறங்கிவிடுவதால், மாற்று பேட்டரியை உடலோடு ஒட்டிய உள்சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருநாள் வெளியிலிருந்து நேரே வீட்டுக்குள் கொண்டுவந்த லென்ஸின் மீது நீர் முத்து முத்தாகப் படிந்ததைக் கண்டு பதறிப்போனேன். அன்று முதல் கேமராவை வெளியிலேயே காற்றுப் புகாத பையில் போட்டு மூடி, உள்ளே கொண்டுவந்து, சூடேறிய பிறகுதான் திறக்கிறேன்.

சாலையிலிருந்து எடுத்த படங்களில் ஒரு குறை இருந்துகொண்டே இருந்தது. எல்லா வீடுகளும் ஒன்றுபோலவே தெரிந்தன. அருகே போகலாம் என்றால் சட்டம் குறுக்கே நின்றது. 2022 ஜனவரி முதல் இந்த மாகாணத்தில் கிராமப்புறத் தனியார் நிலத்துக்குள் செல்ல, வேலியோ அறிவிப்புப் பலகையோ இல்லாவிட்டாலும், முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். அன்னிய நாட்டில் முன்பின் தெரியாதவரின் வாசலில் போய் நிற்க எனக்குப் பெரும் தயக்கம் இருந்தது. ஆனாலும் மார்ச் மாதத்தில் ஒருநாள், பாழடைந்த வீடு ஒன்றுக்கு அடுத்த பண்ணையின் கதவைத் தட்டினேன். கதவைத் திறந்த முதியவர் நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, "அது நான் பிறந்த வீடு" என்றார். பிறகு காலணியை மாட்டிக்கொண்டு தாமே உடன் வந்தார்.

உள்ளே போகுமுன் எனக்கு முகக்கவசம் அணியச் சொன்னார். எலி எச்சம் கலந்த தூசியால் நுரையீரலைத் தாக்கும் ஹாண்டா வைரஸ் தொற்றக்கூடும். பலகை இற்றுப்போன இடங்களைக் காட்டி, சுவரோரமாகவே நடக்கச் சொன்னார். சமையலறைச் சுவரில் பூப்போட்ட காகிதம் அடுக்கடுக்காக உரிந்து தொங்கியது. ஐந்து அடுக்குகளை எண்ணினேன். கடைசி அடுக்குக்குப் பின்னால், குளிர் புகாமலிருக்க மரப்பலகையின் மேல் ஒட்டிய செய்தித்தாள் இருந்தது. பழுத்துப்போயிருந்த அதன் எழுத்துகள் ஆங்கிலம் அல்ல, உக்ரைனியம். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அவர் விரலை ஒரு தலைப்பின் மேல் வைத்து நகர்த்திப் பார்த்தார். "அம்மா வாசிப்பார். எனக்குப் பேச மட்டும் கொஞ்சம் வரும், என் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை" என்றார். முக்காலியை நிறுத்தி, ஜன்னல் வெளிச்சத்திலேயே நான்கு வினாடி ஷட்டரைத் திறந்துவைத்து அந்தச் சுவரை எடுத்தேன். சஸ்கட்டூனில் என் மகள் தமிழ் எழுத்துகளை எழுதிப் பழகும் நோட்டுப் புத்தகம் அந்த நான்கு வினாடிகளில் என் நினைவுக்கு வந்தது.

படத்தை அச்சிட்டு எடுத்துக்கொண்டு இரண்டு வாரம் கழித்துப் போனேன். அவர் அதை மேசை மீது வைத்து வெகுநேரம் பார்த்தார். வீட்டின் வெளிப்புறப் படத்தைக் காட்டியபோது, வாசல் பக்கத்தில் குச்சிகளாக நிற்பது அம்மா நட்ட லைலாக் பூச்செடி என்றும், பூக்கும்போது வந்து எடுத்தால்தான் அது வீடாகத் தெரியும் என்றும் சொன்னார். ஜூன் மாதம் மகளையும் அழைத்துக்கொண்டு மறுபடி போனேன். இங்கே அந்த மாதத்தில் இரவு ஒன்பதரை மணி வரை வெளிச்சம் இருக்கும். வெயில் சாய்ந்து ஊதாப் பூக்களின் மேல் விழும்வரை மூவரும் வாசற்படியில் உட்கார்ந்து காத்திருந்தோம்.