நீறு பூத்த இலை

பிளஸ் ஒன் மாதத் தேர்வில் ‘கிளாக்கஸ்’ என்றால் என்ன என்று ஒரு மார்க் கேள்வி. ‘கண்ணாடி போலப் பளபளக்கும்’ என்று எழுதினேன். கிளாஸ், கிளாக்கஸ், சொந்தக்காரர்களாகத்தானே இருக்க வேண்டும்! பாட்டனி மிஸ் முட்டை போட்டதோடு விடவில்லை. குன்னூர்க் குளிரில் வகுப்பையே மைதானத்துக்குப் பின்னால் இருந்த கற்பூர மரங்களிடம் கூட்டிப் போனார்.

யூகலிப்டஸை நம் ஊரில் அப்படித்தானே சொல்வோம்? வெட்டிய அடிக்கட்டையில் துளிர் கிளம்பியிருந்தது. வளர்ந்த மரத்தின் இலை அரிவாள் போல நீண்டு கரும்பச்சையாகத் தொங்கும். துளிரின் இலையோ காம்பே இல்லாமல், எதிரெதிராக, வெளிறிய நீலச் சாம்பல் நிறத்தில் இருந்தது. “கட்டைவிரலால் தேய்” என்றார் மிஸ். தேய்த்த இடம் மட்டும் பச்சையானது. விரலில் மாவு போல ஏதோ ஒட்டியது, நாள் முழுக்கத் தைல வாசனை. அந்த மெழுகுப் பூச்சு படிந்த இலைதான் கிளாக்கஸ். முட்டைக்கோஸ் இலையில் தண்ணீர் ஒட்டாமல் உருண்டோடுவதும் மெழுகால்தான் என்றார்.

என் பக்கத்தில் நின்றவன் டான்டீ லைன்ஸ், அதாவது அரசுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புப் பையன். 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த குடும்பம். “மிஸ், நீத்துப்பூசணி மாதிரியா?” என்றான். நம் சாம்பல் பூசணி அவன் வீட்டில் நீற்றுப்பூசணி. மிஸ் சிரித்துவிட்டார். “அதேதான்டா, நீறு பூத்த இலை.” எனக்கு அந்தச் சொல் புரிந்தது அந்த நிமிடத்தில்தான்.

மீதிக் கதை தெரிய முப்பது வருடமாயிற்று. இங்கே கனடாவில் கண் டாக்டர் கிளாகோமா என்ற கண் நோய்க்கான பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். பெயர் எங்கேயோ கேட்டது போல இருக்க, வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். கிளாகோமா, கிளாக்கஸ் இரண்டுக்கும் ஒரே வேர், கிரேக்கத்தின் ‘கிளாவ்கோஸ்’. லத்தீன் வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்திருக்கிறது. நீலமும் பச்சையும் சாம்பலும் கலந்த நிறம் என்பது பிற்காலப் பொருள். ஹோமரின் பழைய கிரேக்கத்தில் அது மினுமினுப்பைக் குறித்த சொல். கடலுக்கும் அந்த அடைமொழி உண்டு. ஏதெனா தேவி ‘கிளாவ்கோபிஸ்’, ஒளிவிடும் கண்ணாள். கிளாஸ் மட்டும் ஜெர்மானியக் குடும்பம், ஒட்டுமில்லை உறவுமில்லை.

ஆனால் பளபளப்பு என்று எழுதினேனே மிஸ், அரை மார்க்காவது தேறாதா?

எங்கள் தெருமுனையில் ஒரு வெள்ளை ஸ்ப்ரூஸ் நிற்கிறது. அதன் அறிவியல் பெயர் பைசியா கிளாக்கா. போன வாரம் ஊசியிலையைக் கிள்ளி, பழைய பழக்கத்தில் கட்டைவிரலால் தேய்த்து முகர்ந்து பார்த்தேன். தைலமாவது ஒன்றாவது, ஒரே வீச்சம்.