106 என்று எழுதிய எஃப்.ஐ.ஆரை 105 ஆக்க நாங்கள் பட்ட பாடு

என் மகன் மேல் காரை ஏற்றியவர் மீதான வழக்கு ஒருவழியாக செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போய்விட்டது. குடித்துவிட்டு ஓட்டியவரால் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எஃப்.ஐ.ஆர். கைக்கு வந்ததும் முதலில் பிரிவைப் பாருங்கள். எங்களுக்குப் போட்டிருந்தது பி.என்.எஸ். (பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த புதிய குற்றச் சட்டம்) 106(1). கவனக்குறைவால் மரணம், அதிகபட்சம் 5 வருடம், ஜாமீனில் விடக்கூடிய குற்றம். 105 என்றால் கொலையாகாத மரணம், உயிர் போகலாம் என்று தெரிந்தே செய்தது என்றால் 10 வருடம் வரை போகலாம், ஜாமீன் கோர்ட்டில்தான் கேட்க முடியும். (விபத்து 2024 ஜூலை 1க்கு முந்தையது என்றால் 106க்குப் பதில் ஐ.பி.சி. 304ஏ, 105க்குப் பதில் 304 இரண்டாம் பகுதி.)

106 என்பதால் அவர் மறுநாளே ஸ்டேஷன் ஜாமீனில் வீட்டுக்குப் போய்விட்டார். நாங்கள் அப்போதுதான் சுடுகாட்டிலிருந்து திரும்பியிருந்தோம்.

என் தம்பி வாசலில் பைக்கை ஸ்டார்ட் பண்ணிவிட்டான். "அக்கா, அவன் வீடு எனக்குத் தெரியும். நீ ஒண்ணும் கேக்காத, நான் பாத்துக்கிறேன்." தாய்மாமன். என் மகனுக்குக் காது குத்தியது அவன் மடியில் வைத்துத்தான். சொந்தக்காரப் பையன் ஒருவன் போனில் ஒரு செய்தியைக் காட்டினான். 2012இல் டெக்ஸாஸில் குடிபோதையில் வந்த கார் ஒருவரின் இரண்டு மகன்களைக் கொன்றது. கொஞ்ச நேரத்தில் அந்த டிரைவர் சுடப்பட்டுச் செத்தார். கொலை வழக்கில் நிறுத்தப்பட்ட தகப்பனை 2014இல் ஜூரி விடுவித்துவிட்டது. "பாத்தீங்களா பெரியம்மா" என்றான். ஆனால் அந்தத் தகப்பன் தான் சுடவே இல்லை என்றுதான் கடைசிவரை சொன்னார். துப்பாக்கியும் கிடைக்கவில்லை, சுட்டதைப் பார்த்த சாட்சியும் இல்லை. அதனால் கிடைத்த விடுதலை அது. பழிவாங்கலாம் என்று எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை.

எனக்கும் அந்த ஆள் சாக வேண்டும் என்றுதான் இருந்தது. இன்றைக்கும் அந்த எண்ணம் முழுதாகப் போகவில்லை. ஆனால் என் மகனுக்குப் பின்னால் வேறு வண்டியில் வந்தவன் என் தம்பி. "கண்ணால பாத்த சாட்சி நீ ஒருத்தன்தான்டா. அவன் மேல கைய வச்சா நீதான் முதல் எதிரி. அப்புறம் என் பிள்ளைக்கு யாரு சாட்சி சொல்றது?" என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டேன்.

உண்மையில் கேஸ் கைநழுவியது ரத்தப் பரிசோதனையில். குடித்துவிட்டு ஓட்டியதற்கான 185ஆம் பிரிவில் கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. விபத்து நடந்தது இரவு. ரத்தம் எடுத்தது மறுநாள் காலை. ரத்தத்தில் ஆல்கஹால் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் குறையும், சட்ட வரம்போ 100 மில்லிக்கு 30. அறிக்கை வரம்புக்குக் கீழே வந்ததில் ஆச்சரியம் என்ன? "நைட்டு டாக்டர் இல்லம்மா" என்றார் ஸ்டேஷனில். அதே இரவு அதே ஆஸ்பத்திரியில் டாக்டர் இருந்துதானே என் மகனை இறந்துவிட்டான் என்று சொன்னார்! 2024 மே மாதம் புனேயில் இரண்டு பேரைக் கொன்ற கார் வழக்கில் ரத்த மாதிரியையே மாற்றியதாக டாக்டர்கள் கைதானார்கள். அதனால் விபத்து நடந்த இரவே ஒருவர் ஆஸ்பத்திரியிலேயே நில்லுங்கள். ரத்தம் எடுத்தார்களா, எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டே இருங்கள்.

எங்களைக் காப்பாற்றியது ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேடு. டிரைவருக்கும் நெற்றியில் காயம். 108இல் அதே கேஷுவாலிட்டிக்குத்தான் கொண்டுவந்தார்கள். டாக்டர் அவர் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து முகர்ந்துவிட்டு எழுதியதை என் தம்பி பார்த்திருக்கிறான். அந்த நகலை எங்களுக்குத் தர மறுத்துவிட்டார்கள், போலீஸ் கேட்டால்தான் தருவார்களாம். போலீஸ் கேட்கவே இல்லை. எஸ்.பி. அலுவலகத்தில் மனு கொடுத்தோம், பதில் இல்லை. கடைசியில் ஐகோர்ட் மதுரைக் கிளையில் மனுப் போட்டு உத்தரவு வாங்கிய பிறகு விசாரணை வேறொரு அதிகாரி கைக்குப் போனது. அவர் ஏ.ஆரை வாங்கினார். வாயில் மது வாடை, தள்ளாட்டம், இரவு மணி எத்தனை, எல்லாம் பேனாவில் எழுதியிருந்தது.

அவர் குடித்த பாரின் கேமராப் பதிவு அதற்குள் அழிந்துவிட்டது. பெட்ரோல் பங்க் பதிவு மட்டும் கிடைத்தது. இதில் ஒரு எச்சரிக்கை: வீடியோவை வாட்ஸப்பில் வாங்கி வைத்துக்கொண்டால் போதாது. பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி எழுத்தில் கொடுத்து, போலீஸை முறைப்படி கைப்பற்றச் சொல்லுங்கள். பதிவு எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுக்கப்பட்டது என்று சொல்லும் புதிய சாட்சியச் சட்டம் 63(4) சான்றிதழ் இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு அதைத் தூக்கி எறிந்துவிடும். இத்தனையும் சேர்ந்துதான் பிரிவு மாறியது. 2012இல் மும்பை கார்ட்டர் ரோடு வழக்கில் சுப்ரீம் கோர்ட் 304 இரண்டாம் பகுதியை உறுதி செய்ததை எங்கள் வக்கீல் மனுவில் எடுத்துக்காட்டியிருந்தார்.

இழப்பீட்டு வழக்கை ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். வாரிசு சான்றிதழுக்குப் போனபோது இறப்புச் சான்றில் இனிஷியல் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஆதாரோடு ஒத்துப் பார்த்துவிட்டுப் போங்கள். ஓட்டியவர் குடித்திருந்ததால் பணம் தர முடியாது என்று இன்சூரன்ஸ் தரப்பு வாதாடியது. பயப்பட வேண்டாம். முதலில் எங்களுக்குக் கொடுத்துவிட்டு வண்டி ஓனரிடம் வசூலித்துக்கொள்ளச் சொல்லிவிட்டது தீர்ப்பாயம். கல்யாணமாகாத பிள்ளை என்பதால் சம்பளத்தில் பாதியைச் சொந்தச் செலவு என்று கழித்தார்கள். மாதம் பிறந்தால் சம்பளத்தை அப்படியே என் கணக்கில் போட்டவன் அவன். அந்தக் கணக்கைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது, ஆஸ்பத்திரியில் நின்றதைவிடக் கொடுமையாக இருந்தது.

போன மாதம் தம்பி கூண்டேறினான். சர்க்காருக்குத் துணையாக நம் வக்கீலும் இருக்கலாம் என்பதால் எங்கள் வக்கீலும் இருந்தார். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: "எதிரியோடு உங்களுக்கு முன்விரோதம் உண்டா? அவர் வீட்டுக்குப் போய் மிரட்டினீர்களா?"

"இல்லைங்கய்யா. அவர் வீட்டுப் பக்கமே நான் போனதில்ல" என்றான். அதற்கு மேல் அவர்களால் அந்த வழியில் ஒரு கேள்வியும் கேட்க முடியவில்லை.