நப்பின்னை: எல்லோருக்கும் தெரியும், யாரும் வைப்பதில்லை

மகளுக்கு நப்பின்னை என்று பெயர் வைத்ததிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள், இது என்ன பெயர், எங்கே பிடித்தீர்கள், அர்த்தம் என்ன என்று. ஆளுக்கு ஒரு துண்டாகப் பதில் சொல்வதைவிட ஒருமுறை விரிவாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேட்கிறவர்களில் பலர் மார்கழி முழுக்கத் திருப்பாவை சொல்கிறவர்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். 18-ஆம் பாட்டில் 'நந்தகோபாலன் மருமகளே நப்பின்னாய்' என்று கண்ணனின் மனைவியை வாய் நிறையக் கூப்பிடுகிறோம், அடுத்த இரண்டு பாட்டிலும் அவள் பெயர் வருகிறது. ஆனால் ஒரு குழந்தையின் பெயராக அதைக் கேட்டால் மட்டும் புதிதாக இருக்கிறது.

முதலில் அர்த்தம். பெயரை ந, பின்னை என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும். இந்த 'ந' பழைய தமிழ்ப் பெயர்களின் முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும் எழுத்து, 'நல்ல' என்பது அதன் பொருள். நக்கீரர் என்பதில் கீரருக்கு முன்னால் இருப்பது அதுதான். முல்லைப்பாட்டு பாடிய நப்பூதனார், சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் இருவர் பெயரிலும் இதே எழுத்து. பெண்பாற் புலவர்களைப் பார்த்தால் இன்னும் அழகாக இருக்கும்: காக்கைபாடினியார் நச்செள்ளையார், மாறோக்கத்து நப்பசலையார், பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார். ஒரு காலத்தில் பெயருக்கு முன்னால் ஒரு 'ந' போட்டு அன்பையும் மதிப்பையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள். அந்த வழக்கம் எப்போதோ போய்விட்டது. நக்கீரன், நப்பின்னை என்று ஒன்றிரண்டு பெயர்களில்தான் அது இன்னமும் நம் வாயில் புழங்குகிறது.

பின்னை என்றால் பின்னால் பிறந்தவள், இளையவள், தங்கை. திருமகளுக்கும் இந்தப் பெயர் உண்டு. திருமகளுக்கு ஒரு அக்கா இருக்கிறாள், மூதேவி. வள்ளுவரே 'செய்யவள் தவ்வையைக் காட்டி விடும்' என்கிறார், தவ்வை என்றால் அக்காதான். அக்கா மூத்தவள் என்றால் திருமகள் பின்னை. ஆண்டாளும் 20-ஆம் பாட்டில் 'நப்பின்னை நங்காய் திருவே துயிலெழாய்' என்று அவளைத் திருவாகவே பார்க்கிறாள். ஆக, நல்ல இளையவள் என்றும் சொல்லலாம், நல்ல திருமகள் என்றும் சொல்லலாம். எனக்கு முதல் அர்த்தம்தான் பிடிக்கும். வீட்டில் ஒரு கடைக்குட்டியைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது.

சரி, யார் இவள்? வைணவ மரபில் யசோதையின் உடன்பிறந்தான் கும்பனின் மகள் என்பார்கள். அதாவது கண்ணனுக்கு மாமன் மகள், நம் ஊர்க் கணக்கில் சொந்த முறைப்பெண். 'நந்தகோபாலன் மருமகளே' என்று ஆண்டாள் கூப்பிடும்போது அந்த மருமகள் என்ற சொல் இரண்டு பக்கமும் பொருந்துகிறது பாருங்கள், மனைவியின் அண்ணன் மகள் என்றாலும் மருமகள், மகனுக்குக் கட்டிக்கொண்டு வந்தவள் என்றாலும் மருமகள். அதே பாட்டில் 'உன் மைத்துனன் பேர் பாட' என்றும் வருகிறது. கண்ணனை அவள் மைத்துனன் என்று சொல்லும் உரிமை நம் உறவு முறையில்தான் இவ்வளவு இயல்பாக வரும்.

ஏழு காளைகளை அடக்கி அவளைக் கண்ணன் மணந்தான் என்று ஆழ்வார்கள் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள். பாகவதத்திலும் கிட்டத்தட்ட இப்படி ஒரு கதை உண்டு, கோசல அரசன் நக்னஜித்தின் மகள் சத்யாவை ஏழு காளைகளை அடக்கிக் கண்ணன் மணக்கிறான். ஆனால் அவள் அரசன் மகள், இவள் ஆயர் வீட்டுப் பெண். முல்லை நிலத்து ஏறு தழுவுதலின் வாசனை இவள் கதையில்தான் வீசுகிறது. 'கொல்லேற்றுக் கோடு அஞ்சுவானை மறுமையும் புல்லாளே ஆய மகள்' என்கிறது கலித்தொகை. காளையின் கொம்புக்குப் பயப்படுகிறவனை அடுத்த பிறவியிலும் தொடமாட்டாளாம்! அந்தப் பெண்களில் ஒருத்திதான் நப்பின்னை.

ஆழ்வார் பாட்டுகளில் மட்டும் வரும் பெயர் என்று நினைத்துவிட வேண்டாம். சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவையை எடுத்துப் படியுங்கள். கோவலன் மதுரைக்குள் போயிருக்கிறான். ஆயர் சேரியில் குடத்தில் ஊற்றிய பால் உறையவில்லை, காளையின் கண்ணில் நீர் வடிகிறது, வெண்ணெய் உருக மாட்டேன் என்கிறது, ஆட்டுக்குட்டி துள்ளாமல் கிடக்கிறது, மாட்டின் கழுத்து மணி அறுந்து விழுகிறது. ஏதோ கெட்டது வரப்போகிறது என்று ஆயர்குலத்து மாதரி பதறுகிறாள். கன்றுகாலிகளின் துயர் நீங்க என்ன செய்யலாம் என்றால், மாயவனும் அவன் அண்ணனும் 'வேல்நெடுங்கண் பிஞ்ஞை'யோடு ஆடிய குரவையை, அதாவது கைகோத்து ஆடும் ஆட்டத்தை, ஆடுவோம் என்கிறாள். பிஞ்ஞை என்பது பின்னைதான். ஏழு பெண்களை நிறுத்தி ஏழு சுரங்களின் பெயரை வைக்கிறாள். குரல் என்ற சுரத்துக்காரியை மாயவன் என்கிறாள், இளியைப் பலதேவன் என்கிறாள், துத்தத்தைப் பின்னை என்கிறாள். ஊருக்கு ஒரு துன்பம் என்றால் அந்தப் பெண்களுக்கு நினைவு வருவது அவள் ஆடிய ஆட்டம். சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியிலும் நப்பின்னை பேசப்படுகிறாள். ஒரு சமயத்துக்குள் அடங்கிய பெயர் இல்லை இது, எல்லோருக்கும் தெரிந்த ஒரு தமிழ்ப் பெண்ணின் பெயர்.

ராதையின் பெயர் பாகவதத்தில் வெளிப்படையாக வருவதில்லை. கண்ணன் பக்கத்தில் ராதையை நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது 12-ஆம் நூற்றாண்டு ஜெயதேவரின் கீத கோவிந்தம். அதற்கு முன்பே ஆண்டாள் நப்பின்னையை எழுப்பிவிட்டாள். அப்படி எழுப்புகிற பாட்டில் சின்னச் சின்ன விஷயங்களைக் கவனித்தால் அவள் ஒரு நிஜமான பெண்ணாக எழுந்து நடக்கிறாள்: விரல்களில் பந்து, செந்தாமரைக் கை, கையில் வளையல், அந்த வளையல் ஒலிக்க வந்து கதவைத் திற என்கிறார்கள். அடுத்த பாட்டில் சண்டையே போடுகிறார்கள். குத்துவிளக்கு எரிகிறது, தந்தக்கால் கட்டில், 'எத்தனை போதும் துயிலெழ ஒட்டாய் காண்', உன் கணவனை எழுந்திருக்கவே விடமாட்டாயா, இது உனக்குத் தகுமா என்று. இவ்வளவு உரிமையோடு திட்டக்கூடிய ஒரு தெய்வம்!

திருப்பாவையை எந்நேரமும் வாயில் வைத்திருந்ததால் ராமானுஜருக்குத் திருப்பாவை ஜீயர் என்றே பெயர். அவர் 18-ஆம் பாட்டைச் சொல்லிக்கொண்டே பிட்சைக்கு வந்தபோது தன் குரு பெரிய நம்பியின் மகள் அத்துழாய் வளையல் ஒலிக்கக் கதவைத் திறந்தாள், நப்பின்னையே வந்துவிட்டதாக நினைத்து அவர் மயங்கி விழுந்தார் என்று வழிவழியாகச் சொல்லிவரும் கதை ஒன்று உண்டு. (அத்துழாய் என்பதும் எவ்வளவு அழகான பெயர், துழாய் என்றால் துளசி. அதுவும் இன்று அரிது.)

அப்புறம் ஏன் இந்தப் பெயரை யாரும் வைப்பதில்லை? என் கணிப்பைச் சொல்கிறேன். பக்தியால் பெயர் வைத்த குடும்பங்கள் ஆண்டாள், கோதை, ரங்கநாயகி, அலமேலு என்று போனார்கள். வடமொழி வழக்கில் நப்பின்னை நீளாதேவியாகிவிட்டாள். வைணவ ஆசாரியர் பட்டர் திருப்பாவைக்குச் செய்த தனியன்கூட (நூலுக்கு முன்னால் சொல்லும் வணக்கச் செய்யுள்) 'நீளா' என்றுதான் தொடங்குகிறது. மறுபக்கம், 20-ஆம் நூற்றாண்டில் தமிழ்ப் பெயர்களுக்கு ஒரு பெரிய அலை வந்தது. வேதாசலம் மறைமலை ஆனார், பிறகு நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். பெண் குழந்தைகளுக்குக் கண்ணகி, மணிமேகலை, கயல்விழி, தமிழ்ச்செல்வி என்று பெயர்கள் குவிந்தன. அந்த அலையில் வந்தவர்கள் சங்கப் பாட்டிலும் காப்பியத்திலும் தேடினார்களே தவிர ஆழ்வார் பாட்டுப் பக்கம் அவ்வளவாக வரவில்லை. பக்தர்களுக்கு இவள் தாயாருக்கு, அதாவது பெருமாள் கோவில் திருமகளுக்குப் பின்னால் நின்றாள், தமிழ் ஆர்வலர்களுக்குக் கோவில் வாசலுக்கு உள்ளே நின்றாள். நடுவில் பெயர் தவறிப்போனது.

இன்னொரு காரணமும் இருக்கலாம். ஒரு பழைய பெயர் திரும்பிவர எல்லோரும் படிக்கிற ஒரு கதை தேவைப்படுகிறது. கல்கியின் பொன்னியின் செல்வன் 1950-களில் தொடராக வந்த பிறகுதான் வானதியும் பூங்குழலியும் வீட்டுக்கு வீடு பெயராகப் போனார்கள். நப்பின்னைக்கு அப்படி ஒரு தொடர்கதை அமையவில்லை.

எங்கள் வீட்டில் தடை வந்தது வேறு இடத்திலிருந்து. பெரியவர் ஒருவர் 'நப்பாசை மாதிரி ஒலிக்குதேம்மா' என்றார். ஒலி கிட்டே வருகிறது, உண்மைதான். பத்து நாள் கூப்பிட்டுப் பழகினால் அந்த நினைப்பு போய்விடும் என்றேன், இப்போது அவர்தான் 'பின்னைக்குட்டி' என்று அதிகம் கூப்பிடுகிறார். நட்சத்திர எழுத்து பார்க்கிறவர்களுக்கு ஒரு தகவல்: அனுஷத்துக்கு ந, நி, நு, நே. அனுஷத்தில் பெண் பிறந்து ந-வில் பெயர் தேடி அலைகிறவர்கள் இதை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அவசரமும் வேண்டாம், பிறப்பைப் பெயரில்லாமலே பதிந்துவிட்டு 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம், அதற்கு மேல் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, ஒரு இனிஷியலும் ஒரு பெயரும்தான். அந்த ஒரு பெயரே ஆளை முழுக்கத் தாங்க வேண்டும். வகுப்பில் ஒரே பெயரில் பலர் இருந்தால் இனிஷியலைச் சேர்த்துக் கூப்பிடுகிறார்களே, அந்தத் தொல்லை இவளுக்கு இருக்காது.

எழுதும்போது மட்டும் கவனம் வேண்டும். தமிழில் ஐந்தே எழுத்து, ந, ப், பி, ன், னை. இரண்டு சுழி 'ன'தான் போட வேண்டும், சிலர் மூன்று சுழி போட்டுவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் நடுவே 'பி' இரண்டு, 'என்' இரண்டு. ஒன்று விட்டுப்போனாலும் படிக்கிறவர் வேறு ஏதோ சொல்வார். மகளின் தடுப்பூசி அட்டையில் அப்படி ஒரு 'பி' விடுபட்டு, பிறகு திருத்தி வாங்கினோம். பிறப்புச் சான்றிதழில் இரண்டு மொழியிலும் பெயர் வரும், இரண்டையும் எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நப்பின்னை கொஞ்சம் கனமாக இருக்கிறது என்று தோன்றினால் பின்னை என்று மட்டும் வைக்கலாம், அதில் ஒரு குறையும் இல்லை. பெரியாழ்வார், குழந்தைக் கண்ணனுக்குத் தலைவார வா என்று காக்கையைக் கூப்பிடுகிற பாட்டில் 'பின்னை மணாளனை' என்றுதான் ஆரம்பிக்கிறார், இளங்கோவும் பின்னை என்றே சொல்கிறார். நாங்கள் அந்த 'ந'வை விட மனமில்லாமல் சேர்த்தே வைத்தோம்.