பெயிண்ட் அடிக்கும் முன் சேசிஸ் எண்ணைப் பாருங்கள்: அப்பாவின் ஸ்பிளெண்டரை என் பெயருக்கு மாற்றிய அனுபவம்

பதிவைப் புதுப்பிப்பதற்கான ஆய்வில் மோட்டார் வாகன ஆய்வாளர் கேட்ட பென்சில் பிரிண்டுக்காக, வண்டியின் கழுத்தில் வெள்ளைத் தாளை ஒட்டிவைத்துப் பென்சிலால் தேய்த்தேன். அதில் விழுந்திருக்க வேண்டியவை, வண்டியின் அடையாளமாகப் பிரேமில் கொத்தியிருக்கும் சேசிஸ் எண்ணின் பதினேழு எழுத்துகளும் இலக்கங்களும். விழுந்தது, மழைமேகம் போன்ற ஒரு சாம்பல் பட்டை மட்டுமே. தாளை மாற்றித் தேய்த்தேன், பென்சிலையும் மாற்றித் தேய்த்தேன். ஆய்வாளர் குனிந்து பார்த்துவிட்டு, "பெயிண்ட் அடிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டார். அடித்திருந்தேன். அதுவும், அவருக்கு முன்னால் வண்டி பளிச்சென்று நிற்க வேண்டும் என்பதற்காகவே 2,800 ரூபாய் கொடுத்து அடித்திருந்தேன்.

வண்டி அப்பாவுடையது. 2008 செப்டம்பரில் பதிவான ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர் பிளஸ், 97.2 சிசி. சொந்த உபயோக வாகனங்களுக்குப் பதிவு பதினைந்து ஆண்டுகள்தான் செல்லும் என்பதும், அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. அப்பாவுக்கும் தெரியும். ஆனால் 2023 செப்டம்பரில் அவர் மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தார், வண்டியின் தாளை எடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. 2024 ஜனவரியில் அவர் இறந்தார். சென்னையிலிருந்து ஊருக்குப் போன நான் அந்தப் பதிவுச் சான்றிதழை, அதாவது ஆர்.சி.யை, முதன்முதலாகக் கையில் எடுத்துப் பார்த்தது ஜூன் மாதத்தில். உரிமையாளர் இறந்தால் 30 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதங்களுக்குள் பெயர் மாற்றத்துக்கான படிவம் 31 கொடுக்க வேண்டும் என்ற விதியை நான் அறிந்துகொண்டபோது அந்த இரண்டு கெடுவும் தாண்டியிருந்தன. புதுப்பிப்பதற்கான கெடு அவற்றுக்கும் முன்பே போய்விட்டது.

முதல் நாள் அலுவலகத்தில் கிடைத்த அனுபவத்தை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. பெயர் மாற்றப் பிரிவில் இருந்தவர், காலாவதியான ஆர்.சி.யை மாற்ற முடியாது, முதலில் புதுப்பித்துக்கொண்டு வாருங்கள் என்றார். புதுப்பிக்கும் பிரிவில் இருந்தவர், படிவம் 25-இல் உரிமையாளர் கையெழுத்துப் போட வேண்டும், உரிமையாளர் எங்கே என்று கேட்டார். இறந்துவிட்டார் என்றேன். அப்படியானால் முதலில் பெயரை மாற்றிக்கொண்டு வாருங்கள் என்றார். இரண்டு மேசைகளுக்கும் இடையில் பத்தடி தூரம் இருந்திருக்கும். ஒருவர் சொன்னது இன்னொருவருக்குக் கேட்டிருக்கவும் வேண்டும். காலை பத்தரை மணிக்குத் தொடங்கிய இந்த நடை, உணவு இடைவேளை முடிந்து கண்காணிப்பாளர் வந்த பிறகே நின்றது. அவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவைத்தார்: இரண்டு விண்ணப்பங்களையும் சேர்த்தே கொடுங்கள், வாரிசு என்ற முறையில் இரண்டிலும் நீங்களே கையெழுத்துப் போடுங்கள். இந்த நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது, சன்னலில் நின்று வாதாடுவதை விட்டுவிட்டு நேராகக் கண்காணிப்பாளரைத் தேடிப் போங்கள். வாசலில் நின்ற புரோக்கர் என்னிடம் 4,500 ரூபாய் கேட்டார். அன்றைக்கு மறுத்தேன். அது கொள்கைப் பிடிப்பினால் மட்டும் மறுத்தது என்று சொல்ல மாட்டேன், கையில் அவ்வளவு பணமும் இல்லை.

அடுத்த இடி தொலைபேசி எண்ணில் விழுந்தது. மத்திய அரசின் வாகனச் சேவைத் தளமான பரிவாகனில் விண்ணப்பத்தைத் தொடங்கினால் ஓ.டி.பி. வண்டியோடு இணைந்துள்ள எண்ணுக்குத்தான் போகும், அந்த எண் அப்பாவுடையது. ரீசார்ஜ் செய்யாமல் மாதக்கணக்காக மேசை இழுப்பறையில் கிடந்த சிம் அதற்குள் செயலிழந்திருந்தது. எண்ணை மாற்றுவதற்குத் தனியாக ஒரு கடிதம், அதற்கு இறப்புச் சான்றிதழின் நகல், இன்னொரு நாள் காத்திருப்பு என்று அது நீண்டது. வீட்டில் பெரியவர் ஒருவர் தவறிப்போனால் அவருடைய சிம்முக்கு மட்டும் ஓராண்டாவது பணம் போட்டு உயிரோடு வைத்திருங்கள். வங்கிக்கும், எரிவாயு இணைப்புக்கும், வண்டிக்கும் அந்த எண்தான் சாவி.

பிறகு முதலெழுத்து வந்து நின்றது. ஆர்.சி.யில் அப்பாவின் பெயருக்குப் பின்னால் முதலெழுத்து இருந்தது. இறப்புச் சான்றிதழில் தாத்தாவின் பெயர் முழுமையாக விரிந்து முன்னால் நின்றது. ஆதாரில் மூன்றாவதாக ஒரு வடிவம். நம் ஊரில் இது எந்தக் குடும்பத்திலும் உள்ள சங்கதிதான் என்றாலும், கணினியின் கண்ணுக்கு அவர்கள் மூன்று பேர். முத்திரைத்தாளில் இந்த மூவரும் ஒருவரே என்று எழுதி, நோட்டரி முன்னால் அப்பாவும் அப்பாவும் ஒருவர்தான் என்று நான் உறுதிமொழி கொடுக்க வேண்டியிருந்தது. வாரிசுச் சான்றிதழ் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று ஏறி, எந்தத் தொந்தரவும் இல்லாமல் கைக்கு வந்தது. அம்மாவும் தங்கையும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். மூன்றாம் தரப்புக் காப்பீடும் புகைச் சான்றிதழும் சிக்கலின்றி முடிந்தன. காப்பீட்டுக்கு 714 ரூபாயும் அதன் மேல் வரியும் ஆனது.

இடைப்பட்ட நாட்களில் வண்டியைத் தயார் செய்தேன். ஓராண்டு திண்ணை ஓரமாக நின்ற வண்டிக்கு என்னவெல்லாம் ஆகுமோ அவ்வளவும் ஆகியிருந்தது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். டேங்கின் அடியில் துருவும் தண்ணீருமாக ஒரு கரைசல் நின்றது. கார்புரேட்டரைக் கழற்றியபோது ஸ்லோ ஜெட்டின் ஊசித் துளை பிசினால் முழுக்க அடைபட்டிருந்தது. தெருமுனை மெக்கானிக் அண்ணன் அப்பாவின் காலத்திலிருந்தே இந்த வண்டியைப் பார்ப்பவர். அந்தத் துளையில் கம்பியை விடக் கூடாது, துளை பெரிதாகிவிட்டால் பிறகு வண்டி காலத்துக்கும் ஐடிலில் நிற்காது என்று சொல்லி, பெட்ரோலில் ஊறவைத்துக் காற்றடித்தே எடுத்தார். பிரேக் கேமுக்கு கிரீஸ் வைத்தார், டேப்பெட் பார்த்தார், செயின் கவரில் உள்ள ரப்பர் மூடியைக் கழற்றித் தொய்வைச் சரிசெய்தார், 900 மில்லி ஆயில் டப்பா ஒன்றை மாற்றினார். ஐந்தாவது உதையில் வண்டி எழுந்தது. பிறகு, ஹெட்லைட் எரிகிறதே, மின்சாரத்தில் குறையில்லை என்று நான் தவறாகக் கணக்குப் போட்டேன். இந்த வண்டியில் ஹெட்லைட்டுக்கு மின்சாரம், எஞ்சினோடு சுற்றி மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டிலிருந்து நேராக வருகிறது. ஹாரனும் இண்டிகேட்டரும் பேட்டரியை நம்பி இருப்பவை. 2.5 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள அந்தச் சின்னப் பேட்டரி செத்திருந்தாலும் எஞ்சின் ஓடும்போது விளக்கு எரியும். ஆய்வுக்கு முந்தின மாலை ஹாரனை அழுத்திப் பார்த்தபோதுதான் இது தெரிந்தது. கடை மூடுவதற்குள் ஓடிப்போய்ப் புதுப் பேட்டரி வாங்கினேன்.

இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். சிவப்பு மங்கி, டேங்கில் அப்பாவின் முழங்கால் தேய்ந்த இடத்தில் வெள்ளை தெரிந்ததைப் பார்க்கச் சகிக்காமல், வண்டியை டிங்கரிங் பட்டறையில் விட்டேன். பட்டறைக்காரர் வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. துருப்பிடித்த இடங்களை எமரி தாளால் தேய்த்து, பள்ளங்களில் பட்டி பூசி, பிரேம் முழுவதும் கறுப்பைக் கெட்டியாக அடித்தார். ஹேண்டிலுக்குக் கீழே உள்ள கழுத்துக் குழாயில் கொத்தியிருந்த எண்ணும் அவருக்கு ஒரு பள்ளமாகத்தான் தெரிந்திருக்கும்.

பதிவு காலாவதியான வண்டியைச் சாலையில் ஓட்டி மாட்டினால் முதல் முறையே 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் என்று சட்டத்தில் இருப்பதால், ஆய்வுக்கு நான் ஓட்டிச் செல்லவில்லை. குட்டி யானை என்று சொல்லும் சின்னச் சரக்கு வண்டி ஒன்றை வாடகைக்குப் பிடித்தோம். நூற்றுப் பத்துக் கிலோவுக்குள் அடங்கிவிடும் வண்டி என்பதால், ஓட்டுநரும் நானுமாகப் பலகைகூட இல்லாமல் தூக்கி ஏற்றினோம். இந்த வண்டியின் எடைக்காக நான் நன்றி சொன்ன நாள் அது. சாலையில் ஓடத் தகுதி உண்டா என்று பார்ப்பதற்காக ஒரு வண்டி இன்னொரு வண்டியின் முதுகில் ஏறிப் போனதைக் கண்டு மைதானத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

ஊரில் இன்றும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றே அழைக்கப்படும் அந்த அதிகாரி, பிரேக், ஹாரன், இண்டிகேட்டர், கண்ணாடி, நம்பர் பிளேட் என்று வரிசையாகப் பார்த்து ஒன்றிலும் குறை சொல்லவில்லை. அதன் பிறகுதான் பென்சில் பிரிண்ட் கேட்டார். எண் தெரியாத பிரேமுக்குத் தகுதி எழுதிக் கொடுத்தால், நாளைக்கு அது திருட்டு வண்டி என்று யாராவது சொல்லும்போது பதில் சொல்ல வேண்டியவர் அவர் என்பதை இப்போது நிதானமாக யோசித்தால் ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு ஒப்புக்கொள்ளவில்லை. எஞ்சின் எண் தெளிவாக இருக்கிறதே, ஆர்.சி. இருக்கிறதே என்று கால் மணி நேரம் மன்றாடினேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. எண்ணை வெளியே கொண்டுவாருங்கள், ஆனால் அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

அந்தக் கடைசி எச்சரிக்கை எனக்குக் கிடைத்த பெரிய உதவி. எமரி தாளோ அரமோ பட்டால் கொத்திய எழுத்துகளின் ஓரம் மழுங்கும், சுற்றிலும் கீறல் விழும். அதன் பிறகு எண் தெரிந்தாலும், யாரோ திருத்தப் பார்த்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். ஹார்டுவேர் கடையில் பெயிண்ட் ரிமூவர் ஒரு சின்ன டப்பா வாங்கி, பஞ்சில் நனைத்து, அந்த இரண்டு விரல் அகலத்தில் மட்டும் வைத்தேன். பத்து நிமிடத்தில் கறுப்பு சுருண்டு எழுந்தது. பழைய பல் துலக்கும் பிரஷால் தள்ளினால் அதன் கீழே பட்டி இருந்தது. அது எளிதில் இளகவில்லை. மூன்று முறை ரிமூவர் வைத்து, மூங்கில் குச்சியின் முனையைச் சீவி, ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலிருந்தும் பட்டியைப் பல் குத்துவதுபோல் குத்தி எடுத்தேன். கையுறை போடாமல் தொடங்கியதில் விரல்நுனி இரண்டு நாள் எரிந்தது. முதல் மூன்று எழுத்துகள் வெளிப்பட்டபோது மாலை ஐந்து மணி. பன்னிரண்டாவது இலக்கம் மூன்றா எட்டா என்று அம்மாவும் நானும் டார்ச் வெளிச்சத்தில் விவாதித்தபோது இரவு மணி எட்டு. ஆர்.சி.யை எடுத்து வந்து ஒத்துப் பார்த்தால் அது எட்டுதான். தாளை வைத்துத் தேய்த்தேன். பதினேழும் விழுந்தன. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம் போட்டேன் என்று அம்மா பிறகு சொன்னார்.

மூன்றாம் முறையும் விடுப்பு, இரவுப் பேருந்து, குட்டி யானை. இந்தத் தடவை ஆய்வாளர் பென்சில் பிரிண்டை ஆர்.சி.யோடு எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துவிட்டு டேங்கைப் பார்த்தார். தாளில் சிவப்பு என்று இருக்கிறது, இது மெரூன் ஆயிற்றே என்றார். எனக்கு உயிர் போய்விட்டது. நிறத்தை மாற்றினால் அதையும் பதிவில் ஏற்ற வேண்டும் என்பது தெரியும். அதற்கு இன்னொரு விண்ணப்பம், இன்னொரு நாள். சிவப்புக்குள் மெரூனும் அடக்கம்தானே ஐயா என்று நான் சொன்னது எனக்கே நம்பும்படியாக இல்லை. அவர் ஒரு கணம் என்னையும், ரிமூவர் பட்டு வெளுத்திருந்த கழுத்துக் குழாயையும் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

பணக் கணக்கு இது. புதுப்பிக்க 1,000 ரூபாய், பெயர் மாற்ற 150, அட்டைக்கு 200, அதோடு பசுமை வரி. இவை எதுவும் உறுத்தவில்லை. உறுத்தியது தாமதக் கட்டணம். இருசக்கர வாகனத்துக்கு மாதம் 300 ரூபாய் என்றும், மாதத்தில் ஒரு பகுதி போனாலும் முழு மாதம் என்றும் விதியில் இருக்கிறது. புதுப்பிக்கும் கட்டணத்தைவிட அதுவே பல மடங்கு வந்தது. காலாவதியாவதற்கு 60 நாட்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், பதினைந்து வயதை நெருங்கும் வண்டி வீட்டில் இருந்தால் இன்றைக்கே ஆர்.சி.யின் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். வாடகை வண்டியும் பேருந்தும் பெயிண்டும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தேன். புரோக்கர் கேட்டதற்கு மேலேயே போய்விட்டது. ஆனாலும் அவரால் மூங்கில் குச்சி வேலையைச் செய்துகொடுத்திருக்க முடியாது.

2024 பிப்ரவரி கடைசியிலிருந்து தமிழ்நாட்டில் ஆர்.சி. அட்டையை நேரில் கொடுப்பதில்லை, விரைவு அஞ்சலில்தான் அனுப்புகிறார்கள். வீடு பூட்டியிருந்து அஞ்சல் திரும்பினால் மறுபடியும் அலுவலகத்துக்கு அலைய நேரும் என்பதால், தங்கை வீட்டுக்குப் போவதாக இருந்த அம்மாவைக் கெஞ்சிப் பத்து நாள் ஊரிலேயே இருக்கச் சொன்னேன். எட்டாம் நாள் அட்டை வந்தது. பெயர், முதலெழுத்து உட்பட, சரியாக இருக்கிறதா என்று தொலைபேசியில் மூன்று முறை படிக்கச் சொன்னேன்.

இப்போது வண்டி சென்னையில் என்னிடம் இருக்கிறது. கழுத்துக் குழாயில் அந்த இரண்டு விரல் அகல இடத்துக்கு மட்டும் நான் திரும்பப் பெயிண்ட் அடிக்கவில்லை. துருப்பிடிக்காமல் இருக்க கிரீஸை மெலிதாகத் தடவி, மேலே பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ஒரு பட்டையைச் சுற்றிக் கட்டியிருக்கிறேன். மாதம் ஒருமுறை அவிழ்த்துப் பார்க்கிறேன், பதினேழும் இருக்கின்றன.