‘ஏன்’ என்ற இரண்டாவது வரி

செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்ட அலுவலகத்தில் கிராணி (எழுத்தர்) வேலை என்பது பெரும்பாலும் குறைகளைக் கணக்கெடுக்கும் வேலை. காலைப் பெரட்டில், அதாவது தொழிலாளர்களை அழைத்து ஆள் கணக்கெடுக்கும்போது, யார் வரவில்லை என்று செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் குறிக்கிறேன். மதியம் மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) கொண்டுவரும் சீட்டைப் பார்த்து, எத்தனை குலைகள் பழுக்குமுன் வெட்டப்பட்டன, எவற்றில் காம்பு நீளமாக விடப்பட்டது, எந்த வரிசையில் உதிரிப்பழம் பொறுக்கப்படாமல் கிடக்கிறது என்று பதிகிறேன். ஒழுங்காக நடந்தவற்றுக்கு அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது. வெட்டிய செம்பனைக் குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் கூடித் தரம் இறங்கும். லாரி தாமதமானால் உடனே தொலைபேசி மணி அடிக்கும். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்த நாளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பிய பிறகும் அந்தக் கண் ஓய்வதில்லை. குழம்பில் உப்பு, மகனின் கணக்கு நோட்டு, பக்கத்து வீட்டுக்காரர் காரை நிறுத்திய விதம் என எதைப் பார்த்தாலும் குறைதான் முதலில் தென்பட்டது. இப்படியே ஓய்வுபெறும் வயதுவரை போய்விடக் கூடாது என்ற அச்சத்தில்தான் நன்றிக் குறிப்பு எழுதத் தொடங்கினேன்.

இந்தப் பழக்கத்தை முறையாக ஆராய்ந்திருக்கிறார்கள். ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், வாரந்தோறும் தாங்கள் நன்றி பாராட்டும் விஷயங்களை எழுதியவர்கள், தொல்லைகளை எழுதியவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையை நிறைவாக உணர்ந்தார்கள். 2005இல் மார்ட்டின் செலிக்மேனும் அவருடைய குழுவினரும், அன்றன்று நன்றாக நடந்த மூன்று விஷயங்களை ஒரு வாரத்துக்கு இரவுதோறும் எழுதும்படி சிலரிடம் சொன்னார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அவர்களிடம் மகிழ்ச்சி கூடி, மனச்சோர்வு குறைந்திருந்தது. இதைப் பலரும் எடுத்துச் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பயிற்சியில் இன்னொரு பாதியும் உண்டு: ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்றும் எழுத வேண்டும்.

என் அனுபவத்தில் அந்த இரண்டாவது வரிதான் உயிர். உடல்நலம், குடும்பம், வேலை என்று மட்டும் எழுதிக்கொண்டிருந்தால் சில நாளிலேயே அது வெறும் சடங்காகிவிடும். ‘லாரி நேரத்துக்குப் போனது’ என்று எழுதி, ஏன் என்று கேட்டுப் பாருங்கள். மழையில் செம்மண் பாதை குழைந்து கிடந்த அன்று, சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் டிராக்டரை எடுத்துப்போய்க் குலைகளை ஏற்றிவந்த வங்காளதேச இளைஞர் அங்கே நிற்பார். வெட்டிய குலையின் காம்பில் அவரவர் எண்ணை எழுதுவது வழக்கம். அலுவலகத்தில் இருப்பவர்களுக்குப் பல தொழிலாளர்கள் அந்த எண்ணாகவே இருந்துவிடுகிறார்கள். ‘ஏன்’ என்று எழுத உட்கார்ந்தால் எண் போதாது. பெயர் வேண்டும், பெயர் தெரியவில்லை என்றால் மறுநாள் போய்க் கேட்க வேண்டும்.

உதிரிப்பழம் பொறுக்கும் அக்கா ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். மட்டைகளை அடுக்கியிருக்கும் இடத்தை முதலில் ஒரு குச்சியால் தட்டுவார். பாம்பு இருந்தால் விலகட்டும் என்று. பிறகு குனிந்து பழங்களைக் கையால் வாரி, உள்ளங்கையில் உருட்டி, மண்கட்டியையும் சருகையும் விரலால் தள்ளிவிட்டுப் பழத்தை மட்டும் சாக்கில் போடுவார். மட்டைகளின் இடுக்கில் உருண்டு போனதையும் விடமாட்டார். நன்றாகப் பழுத்து உதிர்ந்த பழத்தில்தான் எண்ணெய் அதிகம் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் குறிப்பில் அவரைப் பற்றி எழுதிய மறுநாள் அவரிடமே சொன்னேன்: “அக்கா, உங்கள் சாக்கில் மண்ணே இருப்பதில்லை. ஆலையிலிருந்து நமக்குப் புகார் வராததற்கு நீங்கள்தான் காரணம்.”

அவர் கையுறையைக் கழற்றிக் காட்டினார். இரண்டு விரல் நுனிகள் கிழிந்திருந்தன. “அப்படியென்றால் மாதாமாதம் புதிய கையுறை தரச் சொல்லி எழுதிவிடுங்கள், கிராணியம்மா” என்றார்.

நன்றி என்றால் என்னவென்று எனக்கு விளங்கியது அந்தப் பதிலில்தான். கூரை ஒழுகுகிறது என்று சொன்னால், ‘கிடைத்ததை எண்ணி நன்றியோடு இருங்கள்’ என்று மேலே இருப்பவர்கள் கீழே இருப்பவர்களுக்குச் சொல்லும் அறிவுரையைத் தோட்டத்தில் பிறந்த எல்லோரும் கேட்டிருக்கிறோம். அது வாயை அடைக்கும் வழி. ஒருவர் செய்ததை உற்றுப் பார்த்தால், அதற்காக அவர் பட்ட பாடும் சேர்ந்தே கண்ணில் படும். பட்ட பிறகு சும்மா இருக்க முடியாது.

‘ஏன்’ பின்னோக்கியும் போகும். ஒருநாள் ‘சொந்த வீட்டில் தூங்குகிறேன்’ என்று எழுதினேன். காரணம் தேடியபோது தாத்தாவிடம் போய்ச் சேர்ந்தேன். சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்ற தோட்டங்கள் துண்டு துண்டாகக் கைமாற, பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர்கள் வேலையோடு, தோட்டம் கொடுத்த லயத்து (வரிசை) வீட்டையும் இழந்தார்கள். அப்போதுதான் எங்கள் ஊர்க்காரரான அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் 10 வெள்ளி (அன்றைய மலாயா டாலர்) கட்டிப் பங்கு சேர்க்கும்படி தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். கெடாவில் இருக்கும் புக்கிட் சிடிம் தோட்டம் தொழிலாளர்கள் சேர்த்த அந்தப் பணத்தில்தான் வாங்கப்பட்டது. அன்றைய கூலியில் 10 வெள்ளி சிறிய தொகையல்ல. தாத்தாவும் கட்டினார். அப்படிச் சேர்த்துவைக்கும் பழக்கம் அவரிடமிருந்து அப்பாவுக்கும், அப்பாவிடமிருந்து என் வீட்டுக்கும் வந்தது. அன்றிரவு மற்ற இரண்டு விஷயங்களை எழுத மனம் வரவில்லை. அதுவே போதுமாக இருந்தது.

தினமும் எழுதித்தான் ஆக வேண்டும் என்று நான் யாரையும் வற்புறுத்த மாட்டேன். உளவியலாளர் சோனியா லியுபோமிர்ஸ்கியின் ஆய்வில், வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குப் பலன் தெரிந்தது. மூன்று முறை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. எனக்குத் தினமும் எழுதுவது ஒத்துவருகிறது. தோட்டத்தில் நாளுக்கொரு மனிதர் கண்ணில் படுகிறார். எவரும் படாத நாளில் பக்கத்தை வெறுமையாக விட்டுவிடுகிறேன்.

வீட்டில் மாற்றம் தெரிகிறது. மகனின் நோட்டில் இப்போது சரியாகப் போட்ட கணக்குகளை முதலில் பார்க்கிறேன். அவனும் நோட்டை மறைப்பதில்லை.

கையுறைக்கு மனு எழுதினேன். மண் கலக்காத சாக்குகளைக் காரணம் காட்டியே எழுதினேன். மாதந்தோறும் தர ஒப்புக்கொண்டார்கள். அடுத்ததாக, பெண்கள் மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்து சாப்பிட ஒரு சிறு கொட்டகை கேட்டிருக்கிறோம். அந்த மனு இன்னும் மேலாளரின் மேசையில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை பெரட்டு முடிந்ததும் அக்காவையும் அழைத்துக்கொண்டு போய் நேரிலேயே கேட்கப்போகிறேன்.