பூட்டான்ல பைக் ஓடுறது: ஸ்ட்ரிக்ட் எல்லாம் ஏறுறதுக்கு முதல்தான்

பூட்டான் போய்ட்டு வந்ததில இருந்து வெள்ளவத்தைல யாரைக் கண்டாலும் ஒரே கேள்விதான், "அங்க சரியான ஸ்ட்ரிக்டாமே, எப்பிடி பைக் ஓடினீங்க?" ஸ்ட்ரிக்ட்தான், இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா அதெல்லாம் பைக்ல ஏறுறதுக்கு முதலே முடிஞ்சிடும், ஏறின பிறகு காலி வீதியில பம்பலப்பிட்டி தாண்டுறதுக்குள்ள படுற பாட்டில பாதி கூட இல்ல.

முதல்ல காசு, சுற்றுலா வாற ஆக்களிட்ட அந்த அரசாங்கம் எடுக்கிற கட்டணம். இந்தியன் பாஸ்போர்ட் எண்டா ஒரு இரவுக்கு 1200 நுல்ட்ரம், அது பூட்டான் காசு. இலங்கை ஆக்கள் எங்களுக்கு அந்தச் சலுகை இல்ல, பக்கத்து நாடுதானே எண்டு பாக்க மாட்டாங்க, வெள்ளைக்காரன் குடுக்கிற அதே 100 டொலர், ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு. 2022ல இத 200 ஆக்கி, அடுத்த வருஷமே பாதியாக்கினாங்க. இதில ஹோட்டல், சாப்பாடு, பைக் வாடகை ஒண்டும் சேராது, அந்த நாட்டில படுத்து எழும்புறதுக்கு மட்டும், அதையும் விசா எடுக்கேக்கயே கட்டோணும். பூட்டான்ர எயார்போர்ட் இருக்கிற பாரோவுக்கு பிளேன்ல போகாம, இந்தியாவில பாக்டோக்ரா எயார்போர்ட்ல இறங்கி எல்லையில இருக்கிற புண்ட்ஷோலிங் கேட்டால போறதெண்டா இந்தியா விசாவும் வேணும், திரும்பி வாறதுக்கும் சேர்த்து ரெண்டு தரம் உள்ள விடுற விசாவா பாத்து எடுங்கோ.

அடுத்தது கைட். தலைநகர் திம்பு, பாரோவைத் தாண்டினா கைட் இல்லாம போகேலாது. அவர் கார்ல பின்னால வருவார், எனக்கு முதல்ல சரியான எரிச்சல், மாமனார் பின்னால வர ஓடுற மாதிரி. ஆனா திம்புல இருந்து புனாகா போற வழியில ஹொங்ட்ஸோ செக்போஸ்ட்ல பெர்மிட்ட அவரே காட்டி அலுவல முடிச்சிட்டார், நான் ஹெல்மெட் கூட கழட்டேல்ல.

ரோட்டில என்னெண்டா, ஹோர்ன் சத்தமே இல்ல. திம்புல ட்ராபிக் சிக்னலும் இல்ல, ஒருக்கா வச்சுப்பாத்து சனத்துக்குப் பிடிக்காம கழட்டிட்டாங்களாம், நடுச்சந்தியில வெள்ளைக் கையுறை போட்ட பொலிஸ்காரர் ஆடுற மாதிரி கையைக் காட்டுறார், அதுக்கு எல்லாரும் நிக்கிறாங்க! இடப்பக்கம் ஓடுறதால எங்களுக்குப் புதுசா பழக ஒண்டுமில்ல, வளைவுகள் மட்டும் கவனம், ஹட்டன் ரோட்டில ஓடிப் பழகின ஆக்களுக்கு அதுவும் பெரிய விஷயமில்ல.

அதே வழியில வாற டோச்சுலா கணவாய் 3100 மீட்டர் அளவில. எங்கட பிதுருதலாகல உச்சியே 2524தான், அப்ப குளிர யோசிச்சுப் பாருங்கோ. மேல 108 ஸ்தூபி, 2003ல அசாம் தீவிரவாதிகளோட நடந்த சண்டையில செத்த பூட்டான் ஆமிக்காரருக்காக மகாராணி கட்டினது. வானம் தெளிவா இருந்தா கங்கார் புயென்சும் தெரியும், 7570 மீட்டர், இன்னும் ஒருத்தரும் ஏறாத மலை. ஏறவும் ஏலாது, 2003ல இருந்து மலையேறுறதே அங்க தடை. சாமி இருக்கிற இடமெண்டு சட்டம் போட்டு விட்டுவச்சிருக்கிறாங்க, எனக்கு அவங்கட ரூல்ஸ்லயே பிடிச்சது இதுதான்.

அங்கால பக்கம் இறங்க இறங்க சூடு, புனாகா வரேக்க ஜக்கெட்டோட அவிஞ்சு போறம். ஆத்தங்கரையில இருக்கிற கோட்டைக்குள்ள போறதெண்டா தொப்பி கழட்டோணும், கையும் காலும் மூடியிருக்கோணும், ஊர்ச்சனம் எண்டா தேசிய உடுப்பு கட்டாயம். சாப்பாடு எமா தட்ஸி, கொச்சிக்காயையே மரக்கறியா நினைச்சு சீஸ்ல அவிச்சு வச்சிருப்பாங்க, உறைப்பெண்டா உறைப்பு, எங்கட ஆக்கள் சமாளிப்பினம்.

போறதெண்டா ஒக்டோபர், நவம்பர் பாருங்கோ, ஜூன்ல இருந்து மழை, மண்சரிவு. திம்புல ஒரு இரவு போதும், இன்னொரு இரவுக்குக் கட்டுற 100 டொலர பாரோவுக்கு வையுங்கோ, அங்க இருந்து போற செலேலா கணவாய் கிட்டத்தட்ட 4000 மீட்டர் உயரம், விடிய வெளிக்கிட்டா மத்தியானச் சாப்பாட்டுக்கு திரும்பிடலாம்.